காற்றுவெளிப் பரவல் என்பது தொற்று அல்ல: நுரையீரல் சத்திரசிகிச்சைக்குப் பின் வந்த நோயியல் அறிக்கையை வாசிப்பது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 66 வயது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நீண்ட காலம் கணக்குப் பார்த்தவர். ஒருநாளும் புகை பிடித்ததில்லை. இரண்டு மாதமாக விடாத இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பக்கத்தில் ஒரு நிழல் தெரிந்தது. அதன்பின் சி.ரி. ஸ்கான், ஊசியால் எடுத்த பயொப்சி என்று போய், ஐந்து வாரங்களுக்கு முன் கொழும்பில் வலது நுரையீரலின் மேற்சோணை (மேற்பகுதி) முழுவதையும் அகற்றியிருக்கிறார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் வீட்டின் நிம்மதி அகற்றிய பகுதியைப் பரிசோதித்த அறிக்கை வந்த அன்றோடு போய்விட்டது என்கிறார்.

அறிக்கையின் பிரதியையும் அனுப்பியிருக்கிறார். அதன் முக்கிய வரிகள் இவை: அடினோகார்சினோமா (சுரப்பி போன்ற கலங்களில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய்), அசினார் வடிவம் 60 வீதம், பப்பிலரி 20 வீதம், லெபிடிக் 10 வீதம், மைக்ரோபப்பிலரி 10 வீதம், கிரேட் 2, அளவு 3.4 சென்ரிமீற்றர், புளூரா ஊடுருவல் பி.எல்.1, நாள ஊடுருவல் உண்டு, காற்றுவெளிகள் வழியாகப் பரவல் உண்டு, வெட்டு விளிம்புகளில் புற்றுநோய் இல்லை, பரிசோதித்த 14 நிணநீர்க்கணுக்களில் ஒன்றிலும் இல்லை, நிலை 1பி.

‘காற்றுவெளிகள் வழியாகப் பரவல்’ என்ற வரியை வாசித்த உறவினர் ஒருவர், இது காற்றில் தொற்றக்கூடியது என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அப்பாவின் கோப்பையும் தட்டும் தனியாக வைக்கப்படுகின்றன. நான்கு வயதுப் பேரனை அவருடைய அறைக்குள் விடுவதில்லை. ‘ஐந்து வருடம்’ என்று யாரோ பேசியது காதில் விழுந்து, அவ்வளவுதான் ஆயுள் என்று அம்மா அழுகிறார். கனடாவில் இருக்கும் தம்பி, ஸ்கானில் கட்டி 4.1 சென்ரிமீற்றர் என்று இருந்ததைக் காட்டி, உடனே கீமோ கொடுக்க வேண்டும் என்கிறார். சத்திரசிகிச்சை நிபுணரோ, எல்லாம் எடுத்தாகிவிட்டது, மூன்று மாதத்தில் வந்து காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் ‘ஒரு கட்டியை எடுத்தார்கள்’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. யார் சொல்வதைக் கேட்பது என்று அந்த மகள் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நான் ஒரு நோயியல் வைத்திய நிபுணர். நீங்கள் அனுப்பியது போன்ற அறிக்கைகளை எழுதுவதுதான் என் அன்றாட வேலை. அவற்றை வைத்தியர்களுக்காக எழுதுகிறோம். அவை ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் வாசிக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதை உங்கள் கடிதம் எனக்கு உணர்த்தியது. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், பேரனின் விடயத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் அப்பாவின் நோய் யாருக்கும் தொற்றாது. மூச்சாலோ, இருமலாலோ, எச்சிலாலோ, கோப்பையாலோ, கட்டி அணைப்பதாலோ தொற்றாது. அறிக்கை சொல்லும் ‘காற்றுவெளிகள்’ வீட்டுக் காற்றைக் குறிப்பவை அல்ல. நுரையீரலுக்குள்ளே காற்று நிரம்பும் மிகச் சிறிய பைகளையே அப்படிச் சொல்கிறோம். கட்டியின் எல்லைக்கு வெளியே இருக்கும் பைகளுக்குள் சில புற்றுநோய்க் கலங்கள் உதிர்ந்து கிடப்பதை நுணுக்குக்காட்டியில் கண்டால், அந்த வரியை எழுதுவோம். முழுக்க முழுக்க அந்த ஒரு நுரையீரலுக்குள் நடந்த விடயம் அது. கோப்பையையும் தட்டையும் இன்றைக்கே மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள். பேரனை அவரிடம் விடுங்கள். குழந்தைக்குத் தடிமனோ காய்ச்சலோ இருக்கும் நாட்களில் மட்டும், குழந்தைக்காக அல்ல, அப்பாவுக்காகக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

இந்தப் பரவல் பற்றி எழுதுவதற்குக் காரணம், அது இருக்கும் கட்டிகள் திரும்பி வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதலாக இருப்பதுதான். குறிப்பாக, கட்டியைச் சுற்றிச் சிறு துண்டு மட்டும் வெட்டியெடுத்தவர்களில் அந்தக் கவலை பெரியது. ஏனெனில் உதிர்ந்த கலங்கள் வெட்டுக்கோட்டுக்கு அப்பால் தங்கியிருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு மேற்சோணை முழுவதையும் எடுத்திருக்கிறார்கள். இந்த வரியைப் பொறுத்தவரை அது நல்ல ஏற்பாடு.

கிரேட் வேறு, நிலை வேறு

கடிதத்தின் நடுவில் ஓரிடத்தில், ‘முதலாம் நிலை என்கிறார்கள், பிறகு இரண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள்’ என்று குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது நிலை. கலங்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக வளர்கின்றன என்பதைச் சொல்வது கிரேட். உங்கள் அப்பாவின் நிலை 1பி. கிரேட் மூன்றில் நடுவிலுள்ள 2.

நுரையீரல் அடினோகார்சினோமா ஒரே வடிவத்தில் வளர்வது குறைவு. ஒரே கட்டிக்குள் நான்கைந்து வடிவங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை வீதம் என்று நாங்கள் மதிப்பிடுகிறோம். லெபிடிக் வடிவம் காற்றுப்பைகளின் பழைய சுவரையே பிடித்துக்கொண்டு அமைதியாக வளரும். அசினாரும் பப்பிலரியும் இடைப்பட்டவை. மைக்ரோபப்பிலரி என்பது நடுவில் தாங்கும் தண்டு எதுவும் இல்லாமல், வெற்றிடத்தில் மிதக்கும் சிறு சிறு கலக்கொத்துகள். பற்றிப்பிடிப்பு இல்லாததால் எளிதில் கழன்று போகக்கூடியவை. நீங்கள் இணையத்தில் தேடி அந்தப் பெயரைக் கண்டு பயந்ததில் தவறில்லை, அது நாங்களும் கவனமாகத் தேடுகிற வடிவம்தான். ஆனால் 2021இல் உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இடம்பெற்ற முறையின்படி, இப்படியான முரட்டு வடிவங்கள் எல்லாம் சேர்ந்து 20 வீதத்தை எட்டினால்தான் கிரேட் 3. உங்கள் அப்பாவுக்கு 10 வீதம். அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட மாட்டேன். பின்தொடர்வதில் ஒழுங்கு தேவை என்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போல் ஆயுள் ‘ஆறு மாதம்’ என்று பொருள் கொள்ள அறிக்கையில் எந்த இடமும் இல்லை.

ஊடுருவல் என்ற சொல்லைப் பற்றி

அகற்றிய சோணை எங்களிடம் போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் வருகிறது. அதைப் பிளக்கும்போது இத்தகைய கட்டி பெரும்பாலும் சாம்பல் கலந்த வெள்ளையாக, கையில் உறுதியாகத் தட்டுப்படும். மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் புளூரா என்ற மெல்லிய சவ்வை உள்ளே சுருக்கி இழுத்திருக்கும். அந்தச் சுருக்கத்திலிருந்து துண்டெடுத்து, மீள்தன்மை நார்களைக் காட்டும் சாயம் இடுவோம். நார்கள் கறுத்த, நெளிந்த ஒரு கோடு போல் தெரியும். கலங்கள் அந்தக் கோட்டுக்குள் நின்றால் பி.எல்.0, கோட்டைக் கடந்து, வெளி மேற்பரப்பை எட்டாமல் நின்றால் பி.எல்.1, மேற்பரப்பையே எட்டினால் பி.எல்.2; நெஞ்சுச் சுவரின் பக்கத்துச் சவ்வுக்கும் போயிருந்தால் பி.எல்.3. உங்கள் அப்பாவுடையது கோட்டைக் கடந்து, மேற்பரப்புக்கு முன்னமே நின்றது. கட்டி சிறியதாக இருந்திருந்தாலும் இந்த ஒரு காரணத்தால் அது 1பிக்கு வந்திருக்கும், 3.4 சென்ரிமீற்றர் என்பதால் அளவாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. ஆகவே இதை இரண்டு முறை கூட்டிப் பயப்பட வேண்டாம்.

நாள ஊடுருவல் என்பது சிறு இரத்த நாளத்துக்குள் அல்லது நிணநீர் நாளத்துக்குள் புற்றுநோய்க் கலங்களைக் கண்டோம் என்பது. ‘அப்படியென்றால் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போய்விட்டது’ என்று நீங்கள் முடிவுகட்டியிருக்கிறீர்கள். படலையைத் தாண்டி ஒழுங்கையில் கால் வைத்தவர் எல்லோரும் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் அல்லர். நாளத்துக்குள் போகும் கலங்களில் மிகப் பெரும்பான்மையானவை வேறிடத்தில் வேரூன்றாமலே அழிந்துவிடுகின்றன. அந்தப் பாதையில் முதலில் அகப்படக்கூடிய நிணநீர்க்கணுக்கள் பதினான்கையும் பார்த்து, ஒன்றிலும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இந்த அறிக்கையில் என்னை மிகவும் ஆறுதல்படுத்தும் வரி அதுதான். அந்தக் கணுக்கள் எந்தெந்த இடங்களிலிருந்து எடுக்கப்பட்டன, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழுள்ளவையும் அவற்றில் உண்டா என்பதை மட்டும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். எண்ணிக்கையைப் போலவே எடுத்த இடமும் முக்கியம்.

ஆனாலும் ‘எல்லாம் எடுத்தாகிவிட்டது’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கண்ணுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் தெரிந்தது எல்லாம் எடுக்கப்பட்டது என்பது உண்மை. எவற்றுக்கும் தெரியாத சில கலங்கள் எங்காவது தங்கியிருக்கும் சாத்தியத்தையே நாள ஊடுருவலும், காற்றுவெளிப் பரவலும், புளூரா ஊடுருவலும் ஓரளவு கூட்டுகின்றன. அவை மூன்றும் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே வருபவை. தனித்தனி ஆபத்துகளாக எண்ணிக் கூட்டிப் பார்க்கும் கணக்கு பிழையானது.

ஸ்கானில் 4.1, அறிக்கையில் 3.4

உங்கள் தம்பி கேட்பது நியாயமான கேள்வி. நான்கு சென்ரிமீற்றர் என்பது உண்மையிலேயே ஒரு கோடு: நிணநீர்க்கணுக்களில் நோய் இல்லாவிட்டாலும், கட்டி அதைத் தாண்டினால் நிலை 2ஏ ஆகிறது, கீமோ பற்றிய பேச்சும் வலுக்கிறது. ஸ்கான் எடுக்கும்போது நுரையீரல் காற்று நிரம்பி விரிந்திருக்கிறது. எங்களிடம் வரும்போது காற்றிறங்கிச் சுருங்கியிருக்கிறது. போர்மலினும் இழையத்தைச் சிறிது சுருக்கும். அதோடு, கட்டியைச் சுற்றியுள்ள அழற்சியையும் சுருங்கிய நுரையீரலையும் ஸ்கான் கட்டியோடு சேர்த்துக் காட்டலாம். நிலையைக் கணிக்கும்போது, லெபிடிக் பகுதியைக் கழித்து, உண்மையில் ஊடுருவி வளர்ந்த பகுதியின் அளவையே எடுக்கிறோம். சத்திரசிகிச்சை முடிந்த பின் நோயியல் அளவுக்கே முதலிடம். இருந்தாலும், 3.4 என்பது போர்மலினில் இடுவதற்கு முன் அளந்ததா, பின் அளந்ததா என்று அறிக்கையில் ஒப்பமிட்ட நிபுணரிடம் உங்கள் வைத்தியர் மூலம் கேட்கலாம். அப்படிக் கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது.

கீமோவைப் பொறுத்தவரை, 1பி நிலையில் அதை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் சிஸ்பிளாற்றின் என்ற மருந்து சேர்ந்த கீமோ கொடுத்த பெரிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஐந்து வருட முடிவில் கிடைத்த நன்மை நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு. அந்த நன்மை பெரும்பாலும் 2ஆம், 3ஆம் நிலைகளில். 1பியில் தெளிவாகத் தெரியவில்லை. 1பி நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்விலும் மொத்தமாக நன்மை நிறுவப்படவில்லை. நான்கு சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளில் மட்டும் நன்மை இருக்கலாம் என்ற சாயல் தெரிந்தது. உங்கள் அப்பாவின் அறிக்கையில் ஆபத்தைக் கூட்டும் அம்சங்கள் மூன்று நான்கு இருப்பதால், ஒரு புற்றுநோய் வைத்திய நிபுணர் இதைப் பற்றி அவருடன் பேசத்தான் வேண்டும். பேசிவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது சரியான சிகிச்சையாகவே இருக்கும்.

அறிக்கையில் இல்லாத வரி

இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஈ.ஜி.எப்.ஆர். என்ற பரம்பரையலகின் பரிசோதனை முடிவு இல்லை. புகை பிடிக்காத ஆசியர்களுக்கு வரும் அடினோகார்சினோமாவில் இந்தப் பரம்பரையலகின் விகாரம் (அதில் ஏற்படும் மாற்றம்) அடிக்கடி காணப்படுகிறது. அப்பாவுக்கு அது இருக்குமா என்று சாயமிட்ட சிலைட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

ஏன் அவசரம் என்றால், விகாரம் இருந்தால் ஓசிமெர்ட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. 1பி முதல் 3ஏ வரையான நிலைகளில், குறிப்பிட்ட இரண்டு வகை விகாரம் உள்ளவர்களுக்கு, சத்திரசிகிச்சைக்குப் பின் அதை நாளுக்கு ஒன்றாக மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த அடோரா என்ற ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. ஐந்து வருடத்தில் உயிருடன் இருந்தவர்கள், மாத்திரை பெற்றவர்களில் 88 வீதம், பெறாதவர்களில் 78 வீதம். 1பி நிலையினரை மட்டும் எடுத்தால் 94க்கு 88. கீமோ பெறாதவர்களுக்கு அந்த ஆய்வில் சத்திரசிகிச்சை நடந்து பத்து வாரங்களுக்குள் தொடங்கினார்கள். உங்கள் அப்பாவுக்கு ஐந்து வாரம் கடந்துவிட்டது. பரிசோதனை முடிவு வரவும் நாளாகும். மூன்று மாதக் கிளினிக்கை எதிர்பார்த்து இருந்தால் அந்தக் காலம் போய்விடும்.

எனவே இந்த வாரமே சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்து, புற்றுநோய் வைத்திய நிபுணருக்கு ஒரு கடிதமும், இந்தப் பரிசோதனைக்கான கோரிக்கையும் கேளுங்கள். அவர் பிழை விட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் தன் பகுதி வேலையை நன்றாகச் செய்திருக்கிறார். அடுத்த பகுதி இன்னொருவருடையது. அரச துறையில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அந்தக் கடிதத்துடன் போகலாம். பரிசோதனைக்கு அப்பாவிடமிருந்து மீண்டும் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியின் துண்டுகள் மெழுகு புளொக்குகளாக ஆய்வுகூடத்தில் இருக்கும். வைத்தியரின் கடிதத்தோடு கேட்டு, வேறிடத்தில் பரிசோதிப்பதற்கும் இரண்டாவது கருத்துக்கும் அனுப்பலாம். எந்த புளொக் போகிறது என்ற இலக்கத்தைக் குறித்து வையுங்கள். கனடாவுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மாத்திரை விலை கூடியது என்பதை மறைக்க மாட்டேன். அரச வைத்தியசாலை மூலம் பெற முடியுமா, ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள். வயிற்றோட்டம், தோல் தடிப்பு, நகக்கண் புண் ஆகியவை வரக்கூடும். அரிதாக நுரையீரல் அழற்சியும் இதயத் துடிப்பில் மாற்றமும் உண்டு. விகாரம் இல்லையென்றால் இந்த மாத்திரையால் பயன் இல்லை, அப்போது கண்காணிப்பே வழியாகலாம்.

‘ஐந்து வருடம்’ என்பதன் பொருள்

அம்மாவிடம் இதை நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். ஐந்து வருடம் என்பது ஆயுளின் எல்லை அல்ல. கணக்கெடுப்பதற்காக வைத்தியர்கள் தெரிந்தெடுத்த ஒரு நாள். பல நாடுகளிலிருந்து திரட்டிய தரவுகளில், சத்திரசிகிச்சைக்குப் பின் 1பி என்று உறுதியானவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 73 பேர் அந்த நாளில் உயிருடன் இருந்தார்கள். மீதி 27 பேரில் மாரடைப்பு, முதுமை என்று வேறு காரணங்களால் இறந்தவர்களும் அடக்கம். அந்த நோயாளிகள் 1999க்கும் 2010க்கும் இடையில் கண்டறியப்பட்டவர்கள். மேலே சொன்ன மாத்திரை அன்று இல்லை. உங்கள் அப்பாவின் அறிக்கையிலுள்ள சில அம்சங்கள் அவரை இந்தச் சராசரிக்குச் சற்றுக் கீழே இழுக்கலாம்; சோணை முழுவதும் எடுக்கப்பட்டது, விளிம்புகள் சுத்தம், கணுக்கள் பதினான்கும் சுத்தம் என்பவை அவருக்குச் சாதகம். அவர் அந்த 73 பேரில் ஒருவரா என்று என்னால் சொல்ல முடியாது. சொல்வதாக யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

திரும்பி வருவதானால் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் வாய்ப்பு அதிகம். அதனால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.ரி. ஸ்கானும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் எடுப்பார்கள். இடையில் விடாத தலைவலி, ஒரே இடத்தில் தொடரும் எலும்பு வலி, சளியில் இரத்தம், குரலடைப்பு, காரணமில்லாத மெலிவு ஏற்பட்டால் தவணைக்குக் காத்திராமல் காட்டுங்கள்.

அப்பாவிடம் சொல்வதா?

சொல்லத்தான் வேண்டும். கீமோவா, மாத்திரையா, கண்காணிப்பா என்ற முடிவு அவருடைய உடம்பைப் பற்றியது. அதில் சம்மதிக்கவும் மறுக்கவும் உரிமை அவருக்கே. அதோடு, தன் கோப்பை ஏன் தனியாக இருக்கிறது, பேரன் ஏன் வாசலோடு நிற்கிறான் என்று இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று நினைக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. ‘எடுத்தது புற்றுநோய்தான் அப்பா, நேரத்தோடு எடுத்துவிட்டார்கள், இன்னும் ஒரு பரிசோதனை இருக்கிறது’ என்று தொடங்குங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், பின்னேரங்களில் மரைன் டிரைவில் நடக்கப் போகட்டுமா என்று அவரே உங்களிடம் கேட்டதாகவும், நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வலது நுரையீரலில் மூன்று சோணைகள். அவற்றில் ஒன்றுதான் போயிருக்கிறது, மீதி இரண்டும் இடதுபக்கமும் வேலை செய்கின்றன. காயம் ஆறி, மூச்சு சீராக இருக்கும் ஒருவருக்கு நடை நல்லது. முதல் வாரம் பத்து நிமிடம், வெயில் தணிந்த பிறகு, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் தொடங்கட்டும். கூட ஒருவர் போங்கள். பேரனும் போகலாம்.